'சோம்பேறி' மஹாவ்லிச்: ஒரு ஹாக்கி வரலாறு

மலர்க் குழுச் செயலாளர் போன் செய்து, "நம்ம காலேஜ் ஹாக்கி டீமைப் பத்தி ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும், அப்போ நீங்கதானே கேப்டன்" என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் மனதில் வந்து நின்றது வேறொரு ஊரின் வரலாறு. ஆட்டமும் நம் ஆட்டம் அல்ல. பெயரில் மட்டும்தான் ஹாக்கி. ஆனாலும் இதை எழுதாமல் நம் டீமைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். செயலாளர் மன்னிப்பாராக.

என் மகள் குடும்பத்தோடு கனடாவில், டொராண்டோ நகரில் இருக்கிறாள். இரண்டு குளிர்காலம் அங்கே போய் இருந்தேன். பேரனுக்குப் பதினொரு வயது. ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். விடியற்காலை ஆறு மணிக்கு, வெளியே பனி கொட்டிக் கிடக்க, காரில் அரைத் தூக்கத்தோடு அவனை மைதானத்துக்குக் கூட்டிப் போவார்கள். நானும் குல்லாய், கம்பளி எல்லாம் மாட்டிக்கொண்டு பெஞ்சில் போய் உட்காருவேன். சீசன் முடிவில் பயிற்சியாளர் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு தாள் கொடுத்தார், நம் ஊர் மார்க் ஷீட் மாதிரி. பேரனுடைய தாளில் திறமை என்ற இடத்தில் நல்ல மதிப்பெண். அதற்குக் கீழே ஒரு வரி: முயற்சி போதாது.

மகளுக்கு முகம் வாடிவிட்டது. மருமகன், "நாளையிலேர்ந்து தினமும் எக்ஸ்ட்ரா பிராக்டிஸ்" என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த இரண்டு சொல்லை நானும் ஒரு காலத்தில் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மறுவாரம் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கனடாக்காரப் பெரியவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இந்த ஊரில் ஒரு மனிதரைப் பத்து வருஷம் இப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள், போய்ப் படியுங்கள் என்று ஒரு பெயரைச் சொன்னார். ஃபிராங்க் மஹாவ்லிச். அந்தக் குளிர்காலம் முழுக்க நூலகத்தில் எனக்கு அதுதான் வேலை.

இளைய மாணவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நமக்குப் பதினொரு பேர். அவர்களுக்குக் கோல் கீப்பரையும் சேர்த்து ஆறு பேர். பந்துக்குப் பதில் 'பக்' என்கிற கெட்டி ரப்பர் வில்லை. இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி. சீக்கிரமே மூச்சு வாங்கிவிடும் என்பதால் ஆட்டம் நடக்கும்போதே ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஓட்டம் கிடையாது, காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு பனிக்கட்டித் தளத்தில் சறுக்கல்தான். இந்தச் சறுக்கல் சமாச்சாரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது.

மஹாவ்லிச் 1938 ஜனவரி 10ஆம் தேதி கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து வடபகுதியில், டிம்மின்ஸ் என்ற தங்கச் சுரங்க ஊரில் பிறந்தவர். பெற்றோர் குரோஷியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா சுரங்கத் தொழிலாளி. பையன் ஆடுவதைப் பார்த்துவிட்டுப் பெரிய கிளப்புகளின் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவுக்கோ படிப்பு முக்கியம். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் கிளப்பின் ஆதரவில் செயின்ட் மைக்கேல்ஸ் காலேஜ் ஸ்கூல் என்ற பள்ளியின் அணி ஆடிக்கொண்டிருந்தது. பாசிலியன் பாதிரிமார்கள் நடத்திய, கண்டிப்புக்குப் பேர்போன பள்ளி. அங்கே சேர்த்தார்கள். நம் பக்கத்து அப்பாக்களுக்கும் அந்தச் சுரங்கத் தொழிலாளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள்.

அந்தக் காலத்து ஏற்பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நேஷனல் ஹாக்கி லீகில் அப்போது ஆறே அணிகள். ஒவ்வொரு அணியும் ஊர் ஊராக இளைஞர் அணிகளுக்குப் பணம் கொடுத்து வளர்க்கும். மீசை முளைக்கிற வயதில் பையன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவான். 'சி' படிவம் என்பார்கள். போட்டுவிட்டால் அவனுடைய ஹாக்கி வாழ்க்கை அந்தக் கிளப்புக்குச் சொந்தம். அவர்கள் விற்றால்தான் வேறு இடம் போக முடியும். பிடிக்காத முதலாளியை விட்டு விலகும் உரிமை ஆட்டக்காரனுக்குக் கிடையாது. இது பின்னால் வரப்போகிற கதைக்கு முக்கியம்.

செயின்ட் மைக்கேல்ஸ் அணிக்காக 1956-57 பருவத்தில் மஹாவ்லிச் 49 ஆட்டத்தில் 52 கோல் போட்டார். அந்த லீகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான ரெட் டில்சன் கோப்பை அவருக்குத்தான். அடுத்த ஆண்டே மேப்பிள் லீஃப்ஸ் பெரிய அணியில் இடம், 20 கோல், சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை. அந்த ஆண்டு அவர் முந்தியது யாரை என்றால், பின்னாளில் உலகமே கொண்டாடிய பாபி ஹல்லை! இருபது வயதுப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1958 நவம்பரில் பஞ்ச் இம்லாக் அந்த அணியின் பயிற்சியாளர் ஆனார். கடைசி இடத்தில் கிடந்த அணி அது. இம்லாக் இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் இருந்தவர். மைதானத்திலும் ராணுவம்தான். காலையில் வேலை வாங்குவார், மறுநாள் இன்னும் அதிகம் வாங்குவார். எல்லோருக்கும் ஒரே சட்டம், ஒரே திட்டு. அணி எழுந்து நின்றது, அதை மறுக்க முடியாது. அவர் வந்த அதே பருவத்தில் இறுதிப் போட்டி வரை போனார்கள்.

1960-61 பருவத்தில் மஹாவ்லிச் வரிசையாகக் கோல் போட ஆரம்பித்தார். மாண்ட்ரியாலின் மாரிஸ் ரிச்சர்ட் 1944-45இல் போட்ட 50 கோல்தான் அப்போது எட்ட முடியாத சிகரம். அதைத் தாண்டிவிடுவார் என்று ஊரே எண்ணிக்கொண்டிருந்தது. கடைசி வாரங்களில் வறட்சி. 48இல் நின்றுவிட்டார். அதே பருவத்தில் மாண்ட்ரியாலின் ஜெஃப்ரியன் 50ஐத் தொட்டார். 48 கோல் என்பது மேப்பிள் லீஃப்ஸ் கிளப்பில் இருபது ஆண்டு யாரும் தாண்டாத எண்ணிக்கை. ஆனால் ஊர் என்ன சொன்னது? "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா போட்டிருக்கலாமே!"

இனிமேல்தான் சறுக்கல் சமாச்சாரம். மஹாவ்லிச் ஆறடி உயரம், தொண்ணூறு கிலோவுக்கு மேல் எடை. அவருடைய ஒவ்வொரு உந்தலும் நீளமானது. மற்றவர் நாலு தரம் காலை உதைக்கிற தூரத்தை அவர் இரண்டு உந்தலில் கடந்துவிடுவார். குள்ளமான ஆட்டக்காரன் காலைப் பரபரவென்று அடித்து, வியர்த்து, விழுந்து எழுந்தால் பார்க்கிறவனுக்கு உழைப்பு கண்ணில் தெரியும். இவரோ தோளை நிமிர்த்திக்கொண்டு மிதக்கிற மாதிரி வருவார். பக்கத்தில் ஓட்டுகிறவன் வேகத்தோடு ஒப்பிட்டால்தான் இவர் வேகம் புரியும். இது போதாதென்று, இடப்பக்க ஓரத்தில் சும்மா நிற்கிற மாதிரி நின்று, வழி திறந்ததும் ஒரே பாய்ச்சல் பாய்வது அவர் பாணி. கோல் விழுந்தால் கைதட்டு. விழாவிட்டால், "நின்னுக்கிட்டே இருந்தான் பாரு".

சொந்த ஊர் ரசிகர்களே சொந்த அரங்கில் அவரைப் பார்த்துக் கேலிக் கூச்சல் போடத் தொடங்கினார்கள். 1961க்குப் பின் வந்த ஐந்து பருவங்களில் அவருடைய கோல்கள் 33, 36, 26, 23, 32. அந்த அணியில் இதைவிட அதிகம் போட்டவர் எந்தப் பருவத்திலும் இல்லை! ஆனாலும் 48 என்ற எண் அவர் கழுத்தில் கல்லாகத் தொங்கியது. பயிற்சியாளர் அவருடைய பெயரையே சரியாக உச்சரிக்க மாட்டார். பத்திரிகைக்காரர்கள் முன்னாலும் ஏதோ ஒரு மாதிரி நீட்டிச் சொல்வார். சின்ன விஷயம்தான். ஆனால் வருஷக்கணக்காக உங்களோடு வேலை செய்கிறவர் உங்கள் பெயரைத் தப்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

1962 அக்டோபரில் ஒரு கூத்து நடந்தது. சம்பளப் பேச்சு இழுபறியில் இருந்த நேரம். ஒரு ராத்திரி விருந்தில் சிகாகோ அணியின் முதலாளி ஜேம்ஸ் நாரிஸ் மஹாவ்லிச்சைப் பத்து லட்சம் டாலருக்குக் கேட்டார். லீஃப்ஸ் முதலாளிகளில் ஒருவர் கை குலுக்கி முன்பணமும் வாங்கிக்கொண்டதாக வரலாறு. விடிந்ததும் சிகாகோ ஆள் காசோலையோடு வாசலில் நிற்கிறார்! தெளிந்த பிறகு லீஃப்ஸ் தரப்பு மறுத்துவிட்டது. நட்சத்திர ஆட்டக்காரருக்கே ஆண்டுக்குச் சில பத்தாயிரம் டாலர் கிடைத்த காலம் அது. அந்தப் பத்து லட்சத்தில் மஹாவ்லிச்சுக்கு ஒரு காசு வந்திருக்காது. ஆனால் மறுநாளிலிருந்து அவர் தவறவிட்ட ஒவ்வொரு கோலும் பத்து லட்ச டாலர் ஆள் தவறவிட்ட கோல் ஆகிவிட்டது.

1964 நவம்பரில் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். களைப்பு, பதற்றம் என்று வெளியே சொன்னார்கள். உண்மையில் அது மன அழுத்த நோய். மனநோய் என்ற பேச்சையே வாய்விட்டுச் சொல்லாத காலம். திரும்பி வந்தார், ஆடினார், அதே திட்டு, அதே கூச்சல்.

1967 பிப்ரவரியில் இம்லாக்குக்கு உடல்நலம் கெட்டு அவரே மருத்துவமனைக்குப் போனார். அணி அதற்கு முன் பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்றிருந்தது. கிங் கிளான்சி என்ற கலகலப்பான கிழவர் தற்காலிகமாகப் பொறுப்பு ஏற்றார். கிளான்சி யாரையும் கசக்கவில்லை. அவர் கையில் பத்து ஆட்டம்: ஏழு வெற்றி, இரண்டு சமம், ஒரே தோல்வி. நான் பயிற்சியாளனாக இருந்திருந்தால் இதைக் கட்டம் போட்டு சுவரில் ஒட்டியிருப்பேன். இம்லாக் திரும்பி வந்தார். அந்த வசந்தத்தில் நாற்பதை ஒட்டிய கிழவர்களை வைத்துக்கொண்டு ஸ்டான்லி கோப்பையையும் வென்றார். 1962, 63, 64, 67 என்று நாலு கோப்பை. அதன் பிறகு அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த ஊருக்குக் கோப்பை கிட்டவில்லை. ஆகவே இம்லாக்கை வெறும் கொடுமைக்காரர் என்று எழுதித் தள்ளிவிட நான் தயாரில்லை. அவருடைய திட்டு சில பேருக்கு உரமாக இருந்திருக்கிறது. திட்டினால் வீம்புக்கு ஆடிக் காட்டுகிறவர்கள் உண்டு, நம் டீமிலேயே உண்டு. மஹாவ்லிச் அந்த ரகம் இல்லை. அது ஒன்பது வருஷமாகக் கண்ணெதிரே தெரிந்தும் மருந்தை மாற்றவில்லையே என்பதுதான் என் குறை.

1967 நவம்பர் 1. மாண்ட்ரியாலை 5-0 என்று லீஃப்ஸ் வென்ற இரவு. மஹாவ்லிச் ஒரு கோல் போட்டு, இரண்டு கோலுக்கு வழி செய்து கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் சிறந்த மூவரை அறிவித்துத் தளத்துக்கு அழைப்பது அங்கே வழக்கம். அவரை அழைத்தார்கள். வந்தார். கைதட்டலுக்கு நடுவே அன்றும் கூச்சல் கேட்டது. மறுநாள் அணி டெட்ராய்ட் போக ரயிலில் ஏறி உட்கார்ந்திருந்தது. மஹாவ்லிச் எழுந்தார், வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு சகாவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்றே மறுபடியும் மருத்துவமனை.

மோசமாக ஆடிய இரவு என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். நன்றாக ஆடிய இரவு!

1968 மார்ச்சில் அவரை டெட்ராய்ட் அணிக்குக் கைமாற்றினார்கள். அங்கே ஒரு பக்கம் கார்டி ஹோவ், நடுவில் கேப்டன் அலெக்ஸ் டெல்வெக்கியோ. ஹோவுக்கு அப்போது நாற்பது வயது, ஆனாலும் அணியின் ராஜா அவர்தான். மஹாவ்லிச் வந்து சேர்ந்தது மூன்றாமவராக. தம்பி பீட்டர் மஹாவ்லிச்சும் அதே அணியில். அரங்கம் முழுவதன் கண்ணும் இவர் ஒருவர் மேல் இல்லை. 1968-69இல் அவர் போட்ட கோல் 49! அந்த மூவரும் சேர்ந்து 118. அதே கால், அதே நீள உந்தல். கிழம் தட்டுகிற முப்பது வயதில் திடீரென்று சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது? யாராவது சொல்லட்டும்.

1971 ஜனவரியில் மாண்ட்ரியால் அணிக்குப் போனார். அந்த வசந்தத்துக் கோப்பைச் சுற்றில் 14 கோல் போட்டு அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார், கோப்பையும் வந்தது. அடுத்த பருவத்தில் கோலும் உதவியுமாக 96 புள்ளி. 1973இல் இன்னொரு கோப்பை. நேஷனல் லீகில் மொத்தம் 1181 ஆட்டம், 533 கோல். 1978 வரை போட்டி லீக் ஒன்றில் ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தார். 1981இல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம். 1998 முதல் 2013 வரை கனடா செனட் சபை உறுப்பினர். சோம்பேறிக்கு இவ்வளவும் முடியுமா?

டொராண்டோ இதிலிருந்து பாடம் படித்ததா என்றால், இல்லை. 2009இல் ஃபில் கெஸல் என்ற இளைஞனை வாங்கினார்கள். இயற்கையிலேயே கோல் போடுகிற கை. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும், முகத்தில் உற்சாகம் தெரியாது. பயிற்சி போதாது, சாப்பாட்டு ராமன் என்று அங்கே பேச்சு. 2015இல் பிட்ஸ்பர்குக்குத் தள்ளிவிட்டார்கள். 2016, 2017, பிறகு வேகாஸ் அணியோடு 2023 என்று மூன்று கோப்பையில் அவன் பெயர் பொறித்திருக்கிறது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 2009 நவம்பரில் டொராண்டோவில் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து வழக்கமான பருவ ஆட்டங்களில் அவன் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 2022 நவம்பரில் தொடர்ந்து ஆயிரம் ஆட்டம் ஆடிய முதல் ஆள் ஆனான், அந்த லீகின் வரலாற்றிலேயே. உழைப்பே இல்லை என்று அவர்கள் சொன்ன ஆள்!

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். மஹாவ்லிச் கதையைப் படித்த சூட்டில் பயிற்சியாளரோடு சண்டைக்குப் போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வயதானவன் இல்லையா, கொஞ்சம் நிதானித்தேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நாலு ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். பக்குக்கு எத்தனை தரம் முதலில் போய்ச் சேர்ந்தான், எத்தனை பாஸ், பக்கைப் பறிகொடுத்தால் தன் கோல் பக்கம் எத்தனை தரம் திரும்பி வந்தான் என்று. முன்னே போவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பறிகொடுத்த பிறகு திரும்புவதில் நிஜமாகவே மந்தம். பத்துக்கு நாலு தரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆக, பயிற்சியாளர் முழுக்கத் தப்பும் இல்லை. ஆனால் "பக் போனதும் உடனே திரும்புடா கண்ணா" என்றால் பதினொரு வயதுப் பையன் கேட்பான், செய்வான். "முயற்சி போதாது" என்றால் அவன் எந்தக் காலை மாற்றுவான்? நோட்டை மகளிடம் கொடுத்தேன். அவள் பயிற்சியாளரிடம் காட்டினாள். நல்ல மனிதர், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். மறுபருவத்தில் என்ன ஆனதோ, பையன் ஆடிக்கொண்டிருக்கிறான்.

இனி நம் கல்லூரி. நான் கேப்டனாக இருந்த வருடம் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து முதலாம் ஆண்டில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஹாக்கி மட்டையோடு பிறந்த ஊர்க்காரன். லெஃப்ட்-இன் ஆடுவான். ஒல்லி, நெடுநெடுவென்று உயரம். நம் செம்மண் மைதானத்தில் பந்து எங்கே எகிறும் என்று நமக்கே தெரியாது. அவன் மட்டையில் மட்டும் அது பசுமாடு மாதிரி நிற்கும். ஓடுகிற மாதிரியே தெரியாது. நாங்கள் எல்லாம் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருக்க, அவன் நடந்து வந்து பந்தை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஹாஸ்டல் பையன்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, "என்னடா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடக்கிறே" என்று கத்தி, பத்து ரவுண்டு ஓடவிட்டேன். ஒரு நாள் இல்லை, பல நாள். ஒரே ஒரு தடவை அவன் பதில் சொன்னான். "ஓடிக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்."

கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது பி.டி. மாஸ்டர் என் நோட்டைத்தான் கேட்டார். அவன் பெயருக்கு நேரே நான் எழுதியிருந்தது: திறமை உண்டு, முயற்சி போதாது. மாஸ்டர் என்னை நம்பினார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் பெயர் பட்டியலில் வரவில்லை. நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றோம். அதற்குப் பிறகு அவன் மைதானத்துப் பக்கம் வரவே இல்லை. சாயங்காலம் ஹாஸ்டல் மாடி வராந்தாவில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பான். நான் மேலே பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான். அடுத்த ஏப்ரலில் நான் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டேன். போய்ப் பேசவில்லை.

அந்த வருடத்து டீம் போட்டோ இந்த மலரில் வருகிறது என்று செயலாளர் சொன்னார். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவருக்கும் நான்காமவருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், பாருங்கள். போட்டோக்காரர் நெருங்கி நிற்கச் சொல்லியும் யாரும் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று இப்போது எனக்கு நினைவில்லை.

சங்கத்தின் முகவரிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பி.எஸ்ஸி. இயற்பியல், என்னைவிட இரண்டு வருடம் இளையவன். அவனோடு படித்தவர்கள் யாருக்காவது விலாசமோ போன் நம்பரோ தெரிந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள். இந்த ஆண்டு கூட்டத்துக்கு முதல் நாள் மாலையே நான் வந்துவிடுவேன். ஐந்து மணிக்குமேல் மைதானத்தில்தான் இருப்பேன்.